ஐஸ் வண்டி வராத வெள்ளிக்கிழமை: ஒரு நண்டுக் கொட்டகையின் நிகழ்வு ஆய்வு

நண்டு நன்றாகவே வெந்திருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்று ராத்திரி வாந்தி எடுத்தவர்களும், அவர்களைப் பார்த்த மருத்துவரும், மறுநாள் கொட்டகைக்கு வந்த வியாபாரியும் திரும்பத் திரும்பச் சொன்னது அதைத்தான். "ரெண்டு தடவ வெந்ததுத்தா அது. காலைல டிரம்முல ஒரு தடவ, சாயங்காலம் சட்டில ஒரு தடவ. அதுல எங்கிட்டு இருந்து கிருமி வரும்?" என்று கேட்டார் கொட்டகையில் மூத்தவரான அக்கா ஒருவர். அவர் வீட்டில்தான் மூன்று பேர் சுருண்டு படுத்திருந்தார்கள்.

நியாயமான கேள்விதான். ஊர் தேவிபட்டினத்துக்கும் மண்டபத்துக்கும் இடையில், பாக் விரிகுடாவைப் பார்த்த கரை. ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் இங்கே வேண்டாம். நான் நுண்ணுயிரியல் படித்தவள். உணவில் இருக்கும் பாக்டீரியா நச்சைக் கையடக்கக் கருவியால் கண்டுபிடிக்க முடியுமா என்று பார்க்கும் ஒரு சின்ன முயற்சிக்காக, அந்தக் கொட்டகைக்கு ஒரு மாதமாகப் போய்வந்துகொண்டிருந்தேன். சம்பவம் நடந்த மத்தியானம் மட்டும் நான் அங்கே இல்லை.

கொட்டகை

பாக் விரிகுடாவின் ஆழமில்லாத கடற்புல் பரப்பு நீலக்கால் நண்டுக்கு நல்ல இடம். நாட்டுப் படகிலும் வத்தையிலும் போய் முந்தின நாள் வலை விட்டு, விடியும் நேரத்தில் எடுத்து வருவார்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப் படகுகளுக்கு அந்தத் தடை கிடையாது என்பதால், வெயில் மண்டையைப் பிளக்கும் மே மாதத்திலும் நண்டு வரத்து இருக்கும்.

கரைக்கு வந்த நண்டைக் கொட்டகையில் டிரம்மில் வேகவைத்து, ஆறவைத்து, மேசையில் கொட்டுவார்கள். பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஓட்டை உடைத்துச் சதையை எடுப்பார்கள். முதுகுப் பக்கத்துப் பெரிய துண்டு தனி, உடைந்தது தனி, கால் சதை தனி. எடுத்த சதை ஐஸில் போய், வியாபாரி வண்டியில் ஏறி, கம்பெனியில் டப்பாவில் அடைக்கப்பட்டு, கிருமி சாகும்படி சூடாக்கி பாஸ்சரைஸ் செய்யப்பட்டு, கடைசியில் அமெரிக்காவில் யாரோ ஒருவர் தட்டில் நண்டு கேக்காகப் போய் விழும். கூலி கிலோ கணக்கு. ஒரு நாள் வராவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லை. விரலில் ஓடு குத்திப் புண் இருந்தாலும் துணியைச் சுற்றிக்கொண்டு வந்து உட்காருவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்களுக்குத் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கித் தண்ணீருக்குப் போவது புதிதில்லை. கொட்டகைச் சுவரில் "அரை மணிக்கு ஒருமுறை கை கழுவவும்" என்று அழகாக ஒட்டியிருந்தது. கழுவ வேண்டிய நல்ல தண்ணீர் விலைக்கு வாங்கிய டிரம்மில் இருந்தது. அந்த நோட்டீஸை எழுதியவர் ஒருநாளாவது அங்கே தண்ணீர் சுமந்திருப்பாரா தெரியாது.

வெள்ளிக்கிழமை நடந்தது

பின்னால் எல்லோரிடமும் தனித்தனியாகக் கேட்டு எழுதிக்கொண்ட வரிசை இது. காலை எட்டு மணிக்கு நண்டு வெந்து இறங்கியது. ஒன்பதரைக்கு உடைக்க உட்கார்ந்தார்கள். முந்தின நாள் மிச்ச ஐஸ் ஒரு பெட்டிக்குத்தான் போதும். முதலில் எடுத்த சதை அந்தப் பெட்டிக்குப் போனது. பத்து மணிக்கு வரவேண்டிய ஐஸ் வண்டி வரவில்லை. ஐஸ் கம்பெனிப் பக்கம் ராத்திரி முழுக்கக் கரண்ட் இல்லை, கட்டி உறையவே இல்லை என்று தகவல் வந்தது. பதினொரு மணிக்குக் கொட்டகையிலும் கரண்ட் போனது. மின்விசிறி நின்றது. தகரக் கூரை. கச்சான் காற்றும் அன்றைக்கு அசையவில்லை.

வெந்த நண்டைத் திரும்பக் கடலில் போட முடியாது. "இன்னும் அரை மணில வந்துரும்" என்று ஐஸ் வண்டி ஓட்டுநர் ஒவ்வொரு அரை மணிக்கும் சொல்லிக்கொண்டிருந்ததாகச் சொன்னார்கள். எடுத்த சதை பேசினிலேயே இருந்தது, மேலே ஈரத்துணி. வண்டி வந்தபோது மணி இரண்டரை தாண்டிவிட்டது. சதை ஐஸுக்குப் போனது. விலை போகாத பொடிச் சதையை நான்கு பெண்கள் வீட்டுக்கு எடுத்துப்போனார்கள். எப்போதும் செய்வதுதான்.

வெங்காயம், சோம்பு, மிளகு போட்டு வதக்கி இறக்கினார்கள். ஏழு மணிக்குச் சாப்பிட்டார்கள். ஒன்பதரையிலிருந்து வாந்தி தொடங்கியது. பதினொரு பேர் சாப்பிட்டதில் ஏழு பேருக்கு. இரண்டு பேருக்கு வயிற்றாலையும் போனது. காய்ச்சல் யாருக்கும் இல்லை. விடிவதற்குள் எல்லோரும் தெளிந்துவிட்டார்கள். ஆரம்பத்தில் சொன்ன அந்த அக்காவுக்கு ஒன்றும் ஆகவில்லை. வெள்ளிக்கிழமை அவர் கவுச்சி தொட மாட்டார். அதே சோறு, அதே ரசம், அதே தண்ணீர், நண்டு மட்டும் இல்லை. ஓர் ஆய்வாளர் கேட்டு வாங்க முடியாத ஒப்பீட்டை அவருடைய விரதம் இலவசமாகக் கொடுத்துவிட்டது.

யாரைச் சந்தேகப்படுவது?

கடல் உணவு என்றதும் எல்லோரும் முதலில் கைநீட்டுவது விப்ரியோ என்ற கடல் பாக்டீரியாவைத்தான். ஆனால் அது வேக வைத்தால் சாகும் கிருமி. சாப்பிட்டுப் பெரும்பாலும் அரை நாள், ஒரு நாள் கழித்துத்தான் வேலையைக் காட்டும், அதுவும் பேதியாக. சூரை, அயிலை மாதிரி மீன்களில் பாக்டீரியா உண்டாக்கும் ஹிஸ்டமின் என்றால் முகம் சிவக்கும், அரிக்கும், தலை இடிக்கும். இங்கே அந்த அறிகுறி எதுவும் இல்லை. சோற்றில் வளரும் பேசில்லஸ் செரியஸ் பாக்டீரியா இதே வேகத்தில் வாந்தி எடுக்க வைக்கும், அதன் நச்சும் வெந்து போகாது. ஆனால் சோறு சாப்பிட்ட அக்கா நன்றாக இருந்தார்.

இரண்டரை மணி நேரத்தில் வாந்தி, காய்ச்சல் இல்லை, ஒரே ராத்திரியில் தெளிவு, நடுவில் மனிதக் கை. ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியாவின் கையெழுத்து இது. சீழ்க்கட்டியில் இருப்பதும், நம் மூக்கு ஓரத்தில் சத்தமில்லாமல் குடியிருப்பதும் இதே பாக்டீரியாதான். பத்துப் பேரில் இரண்டு மூன்று பேர் இதை நிரந்தரமாகவே மூக்கில் சுமக்கிறார்கள்.

இது பச்சை நண்டில் பெரிதாக வளராது. கடலிலிருந்து வந்த மற்ற பாக்டீரியாக்கள் அங்கே கூட்டமாக இருக்கும், அவற்றோடு போட்டி போடும் திராணி இதற்கு இல்லை. வேகவைத்ததும் அந்தக் கூட்டம் ஒழிகிறது. காலி மனையில் முதலில் கொட்டகை போடுவது யாரோ அவருக்கே இடம். உடைக்கும் கைகளிலிருந்து இது போய் உட்காருகிறது. உப்பும் இதற்கு ஒரு பொருட்டில்லை, 10 சதவீத உப்பிலும் வளரும்.

அப்புறம் கணக்கு. கிராமுக்கு வெறும் நூறு பாக்டீரியா கையிலிருந்து வந்தது என்று வையுங்கள். மனித உடம்பின் சூடு அதற்கு இஷ்டமான சூடு, அன்று தகரக் கூரைக்கு அடியிலும் கிட்டத்தட்ட அதே சூடு. அரை மணிக்கு ஒருமுறை இரட்டித்தால் ஐந்து மணி நேரத்தில் பத்து இரட்டிப்பு, அதாவது ஆயிரம் மடங்கு. நூறு ஒரு லட்சம் ஆகிறது. கிராமுக்கு ஒரு லட்சத்தைத் தொட்டால், ஆளைப் படுக்க வைக்கும் அளவுக்கு நச்சு சேரும் என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட எல்லை. ஒன்பதரையிலிருந்து இரண்டரை வரை எத்தனை மணி நேரம் என்று நான் எண்ணிக் காட்ட வேண்டியதில்லை.

இந்த நச்சுதான் என்டெரோடாக்சின். பாக்டீரியா தனக்கு வெளியே விடும் புரதம். பாக்டீரியா 70, 80 டிகிரியில் செத்துவிடும். புரதம் 100 டிகிரியில் அரை மணி கொதித்தாலும் பெரும்பகுதி பிழைத்துக் கிடக்கும். அக்காவின் கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். சட்டியில் கிருமி செத்தது, அது காலையிலிருந்து மத்தியானம் வரை கக்கி வைத்தது சாகவில்லை.

1914இல் பிலிப்பைன்ஸில் பார்பர் என்ற ஆய்வாளர் மாட்டுப் பாலை வைத்து இதைத் தன் வயிற்றிலேயே சோதித்துப் பார்த்தார். மடிநோய் கொண்ட மாட்டின் பாலைக் கறந்த சூட்டோடு குடித்தபோது ஒன்றும் ஆகவில்லை. சில மணி நேரம் வெளியே வைத்துக் குடித்தபோது வாந்தி. இன்னும் பெரிய பாடம் 2000இல் ஜப்பானில் கிடைத்தது. ஹொக்கைடோவில் ஒரு பால் பவுடர் ஆலையில் சில மணி நேரம் கரண்ட் போனது. குளிர்விக்காமல் நின்ற பாலில் ஸ்டெஃபைலோகாக்கஸ் பெருகியது. பிறகு பாஸ்சரைஸ் செய்தார்கள், பாக்டீரியா செத்தது. அந்தப் பவுடரைக் கலந்து ஒசாகாவில் தயாரித்த பாலைக் குடித்து 13,000 பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள். ஒருவர் உடம்புக்குள் போனது 20 முதல் 100 நானோகிராம் நச்சு என்று கணக்கிட்டார்கள். ஒரு கிராம் உப்பை நூறு கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோகிராம். கரண்ட் போய் ஐஸ் வராத நம் கொட்டகையைவிடப் பெரிய ஆலைதான் அது. நடந்தது அதே கதை.

சனிக்கிழமை காலை

எட்டரைக்கு எனக்குத் தகவல் வந்தது. மத்தியானம் பன்னிரண்டுக்கு வியாபாரி வண்டி வரும். வெள்ளிக்கிழமைச் சதை ஐந்து பெட்டி ஐஸில் இருந்தது. வழக்கமான பரிசோதனைக்கு அனுப்பினால், பாக்டீரியாவை வளர்க்கும் பெயர்ட் பார்க்கர் ஊடகத்தில் 37 டிகிரியில் 24 முதல் 48 மணி நேரம் வைத்து, கருப்புப் புள்ளியும் அதைச் சுற்றி ஒளிவட்டமும் தெரிகிறதா என்று பார்த்து, அப்புறம் அது ஆரியஸ்தானா என்று உறுதி செய்யும் கோகுலேஸ் சோதனை. போக்குவரத்தையும் சேர்த்து நாலைந்து நாள். அதற்குள் அந்தச் சதை டப்பாவாகிக் கப்பலுக்குப் போகும் வழியில் இருக்கும்.

என்னிடம் இருந்த கருவி பார்வைக்குச் சுகர் மெஷின் மாதிரிதான் இருக்கும். அதே குடும்பத்துப் பொருளும்கூட. 1962இல் லேலண்ட் கிளார்க் நொதியையும் மின்முனையையும் சேர்த்துக் குளுக்கோஸை அளக்க வழி சொன்னதிலிருந்து வளர்ந்தது இந்தக் குடும்பம். சுகர் பட்டையில் நொதி குளுக்கோஸை அடையாளம் காண்கிறது, மின்முனை அதை மின்னோட்டமாக மாற்றுகிறது. என் பட்டையில் அடையாளம் காண்பது எதிர்ப்புரதம் (ஆன்டிபாடி), என்டெரோடாக்சினை மட்டும் பிடிக்கும்படி ஒட்டப்பட்டது. நச்சு வந்து மாட்டியதும், பெராக்ஸிடேஸ் நொதி சுமந்த இரண்டாவது எதிர்ப்புரதம் அதன் மேல் உட்காரும். வினைப்பொருளை ஊற்றினால் நொதி வேலை செய்யும், மின்னோட்டம் வரும். நச்சு எவ்வளவோ மின்னோட்டமும் அவ்வளவு. "ஏத்தா, எனக்கும் சுகர் பாத்து விடேன்" என்று கொட்டகையில் கை நீட்டாதவர் குறைவு.

"15 நிமிடத்தில் முடிவு" என்பது பட்டை எடுத்துக்கொள்ளும் நேரம் மட்டும். 25 கிராம் சதையை எடை போட்டு, உப்புக் கரைசலில் அரைத்து, வடிகட்டி, தெளிய வைத்து, அப்புறம்தான் பட்டைக்கு வரும். நண்டின் கொழுப்பும் புரதமும் மின்முனையில் அப்பிக்கொள்ளும். நல்லது என்று தெரிந்த நண்டுச் சதையையும் அதே மாதிரி அரைத்துப் பக்கத்தில் ஓட்டினால்தான் எது நச்சின் குரல், எது நண்டின் இரைச்சல் என்று பிரிக்க முடியும். ஒரு மாதிரிக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்வது நேர்மை. பட்டைகளைக் குளிரில் வைக்க வேண்டும் என்பது இன்னொரு தொல்லை. வெள்ளிக்கிழமை கரண்ட் போனபோது நான் தங்கியிருந்த வீட்டு ஃபிரிட்ஜும் நின்றுதான் போனது. ஒரு பட்டையில் அளவு தெரிந்த நச்சை விட்டுப் பார்த்து, உயிரோடு இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டேன்.

இன்னொரு பொறி இந்தப் பாக்டீரியாவின் உடம்பிலேயே இருக்கிறது. அதன் மேல்தோலில் புரோட்டீன் ஏ என்று ஒன்று உண்டு. அது பெரும்பாலான எதிர்ப்புரதங்களை வாலைப் பிடித்துத் தொங்கும். பட்டையில் ஒட்டியதை ஒரு பக்கமும், நொதி சுமந்ததை மறுபக்கமும் பிடித்துக்கொண்டால், நச்சே இல்லாமல் மின்னோட்டம் வரும். பாக்டீரியா அதிகமாக இருக்கும் இடத்தில், அதாவது நாம் சந்தேகப்படும் அதே இடத்தில், இந்தப் பொய் அதிகம். பயிற்சிக் காலத்தில் நச்சு உண்டாக்காத ஒரு வகையை வைத்து ஓட்டியபோது பளிச்சென்று நேர்மறை வந்து என்னை ஒரு நாள் முழுக்க அலையவிட்டது. தீர்வு பழசுதான். முயல் ரத்தத்திலிருந்து எடுத்த, எதிர்ப்புரதம் நிறைந்த சாதாரண சீரத்தைக் கரைசலில் முதலிலேயே ஊற்றிவிட்டால், புரோட்டீன் ஏ அதைப் பிடித்துக்கொண்டு வயிறு நிறைந்துவிடும். கோழி முட்டை மஞ்சள் கருவிலிருந்து எடுக்கும் எதிர்ப்புரதத்தை அது பிடிக்காது என்பதால் அதையும் பயன்படுத்துகிறார்கள். நான் சீரம் ஊற்றினேன். அதோடு, நச்சைப் பிடிக்காத வேறு எதிர்ப்புரதம் ஒட்டிய வெற்றுப் பட்டை ஒன்றையும் பக்கத்தில் ஓட்டினேன்.

மூன்று மாதிரி எடுத்தேன். பழைய ஐஸில் முதலில் போன பெட்டி ஒன்று. மத்தியானம் வரை பேசினில் கிடந்த சதை இன்னொன்று. மூன்றாவது, ஒரு வீட்டில் மூடிவைத்திருந்த மிச்சப் பொரியல். பதினொன்றேகாலுக்கு முடிவு கையில் இருந்தது. முதல் பெட்டியில், நல்லது என்று தெரிந்த சதை காட்டியதற்கு மேல் ஒன்றும் இல்லை. பேசின் சதையில் அம்பு போல ஏறியது, வெற்றுப் பட்டையில் அந்த ஏற்றம் இல்லை, ஆகவே பொய் இல்லை. பொரியலில் சந்தேகத்துக்கு இடமான சின்ன அசைவு, அவ்வளவுதான்.

நோயை உண்டாக்கியதே பொரியல்தான், அதில் ஏன் குறைவு? சூடு பட்ட நச்சு கொஞ்சம் உருக்குலையும். எதிர்ப்புரதம் அதை அடையாளம் காணும் திறன் முதலில் போய்விடும், வயிற்றைப் புரட்டும் திறன் அதைவிட மெதுவாகத்தான் போகும். ஆக, சமைத்த உணவில் கருவி "இல்லை" என்றால் அந்த இல்லையை நம்ப முடியாது. இந்த வகைக் கருவியைச் சமையலறைக்கும் கல்யாணப் பந்திக்கும் விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. டப்பாவில் அடைத்துச் சூடாக்கிய சதைக்கும் இதே சிக்கல் உண்டு. நச்சு பச்சையாக, உருக்குலையாமல், ஏராளமாக இருக்கும் இடம் கொட்டகை மேசைதான். கேட்க வேண்டிய இடமும் அதுதான்.

மரபணுவைத் தேடும் வேக உணரிகளும் உண்டு. அவை நச்சுக்கான மரபணு இருக்கிறதா என்றுதான் சொல்லும். செத்த பாக்டீரியாவின் மரபணுவையும் எண்ணிவிடும், நச்சே வெளியே விடாமல் ஐஸில் தூங்குவதையும் எண்ணிவிடும். ஆராய்ச்சிக்கு அருமையான கருவி. பன்னிரண்டு மணி வண்டிக்கு முன்னால் எனக்கு அது உதவியிருக்காது. என் பட்டைக்கும் குறை உண்டு. என்டெரோடாக்சினில் இருபதுக்கு மேல் வகை இருக்க, அது பிடிப்பது ஏ முதல் ஈ வரையிலான பழைய ஐந்தை மட்டும். ஒசாகா விஷயத்தில்கூட முதலில் ஏ வகையை மட்டும்தான் பார்த்தார்கள், எச் வகையும் இருந்தது பின்னால்தான் தெரிந்தது.

வண்டி

கொட்டகையை நடத்துபவரிடம் முடிவைக் காட்டினேன். அவர் கருவியைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். "பேப்பர் இருக்கா தங்கச்சி?" என்றார். பேப்பர் இல்லை. என்னுடையது முறைப்படி ஒப்புதல் பெற்ற சோதனை இல்லை, உணவில் இந்த நச்சைத் தேடுவதற்கான சர்வதேசத் தரமுறை ஐ.எஸ்.ஓ. 19020 சொல்கிற மாதிரி ஆய்வகத்தில் செய்தால்தான் பேப்பர். நான் அதைச் சொன்னேன். "அப்ப இதச் சொல்லி நான் வண்டிய நிப்பாட்டுனா, எனக்கு நாளைக்கு வண்டி வராது" என்றார். அதுவும் உண்மைதான். வியாபாரியிடம் முன்பணம் வாங்கி நடக்கும் தொழில்.

கடைசியில் வண்டியை நிறுத்தியது என் கருவி இல்லை. அந்த மூத்த அக்காதான். "எம் பேத்தி ராத்திரி பூரா குடலக் கக்குனா. இத எவனோ ஒருத்தன் பேத்திக்கு அனுப்பப் போறீகளா?" என்று கேட்டுவிட்டு, பெட்டி மேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டார். வியாபாரி கத்திப் பார்த்தார், போனில் யாரிடமோ பேசினார், பழைய ஐஸ் பெட்டியை மட்டும் ஏற்றிக்கொண்டு போனார். நாலு பெட்டி நின்றது.

ஐந்தாம் நாள் ஆய்வகத்திலிருந்து பேப்பர் வந்தது. பேசின் சதையில் கிராமுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ், ஏ வகை நச்சு உண்டு. பொரியலில் பாக்டீரியா ஒன்றுகூட வளரவில்லை. பொரியலை மட்டும் அனுப்பியிருந்தால் "கிருமி இல்லை" என்று சீல் வைத்த தாள் வந்திருக்கும். வாந்தி எடுத்தவர்கள் வெயிலில் அலைந்ததுதான் காரணம் என்று கோப்பு மூடப்பட்டிருக்கும்.

விதிகளும் இந்த இடத்தில் கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2073/2005 விதி வேகவைத்து ஓடு நீக்கிய நண்டு வகைக்கு இந்தப் பாக்டீரியாவின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துகிறது. எந்த மாதிரியும் கிராமுக்கு 1,000ஐத் தாண்டக் கூடாது, ஐந்தில் இரண்டுக்கு மேல் 100ஐத் தாண்டக் கூடாது. பாலாடைக்கட்டிக்கும் பால் பவுடருக்கும் 25 கிராமில் நச்சே இருக்கக் கூடாது என்று தனியாகச் சொல்லும் அதே விதி, நண்டுக்கு அப்படிச் சொல்லவில்லை. எண்ணிக்கை, உற்பத்தி முடியும் இடத்தில் பார்க்க வேண்டியது. கொட்டகையில் சதை எடுத்து முடிந்ததும் பார்த்தால் அது பிடிபடும். டப்பாவில் சூடாக்கிய பிறகு எண்ணினால் பூஜ்யம்தான் வரும்.

எனக்கு உறுத்துவது

நாலு பெட்டிச் சதையையும் பிளீச்சிங் பவுடர் போட்டுப் புதைத்தோம். அதற்கான கூலியை வியாபாரி தர மறுத்தார். பத்து நாள் பேச்சுக்குப் பிறகு பாதி கிடைத்தது. அதாவது நச்சைக் கண்டுபிடித்ததற்கான செலவில் பாதியை, அதைத் தின்று வாந்தி எடுத்த பெண்களே கட்டினார்கள். ஐஸ் வராததற்கு அவர்கள் காரணம் இல்லை, கரண்ட் போனதற்கும் இல்லை. அடுத்த முறை யாராவது வயிற்றைப் பிடித்துக்கொண்டால் வெளியே சொல்வார்களா என்று எனக்குச் சந்தேகம். கருவி எவ்வளவு வேகமாக இருந்தாலும், அது சொல்வதைக் கேட்டால் யார் கூலி போகும் என்பது முதலில் தீர வேண்டும்.

"யார் கையிலிருந்து வந்தது என்று கண்டுபிடியுங்கள்" என்றும் கேட்டார்கள். விரலில் துணி சுற்றியிருந்த ஒரு பெண்ணை எல்லோரும் பார்த்தார்கள். மூக்கிலும் கையிலும் பஞ்சு தேய்த்து மாதிரி எடுக்க ஒரே நிபந்தனை வைத்தேன்: பெயர் எழுத மாட்டேன், எண் மட்டும், என் மூக்கும் வரிசையில் ஒன்று. பதினைந்து பேரில் நாலு பேரிடம் அந்தப் பாக்டீரியா இருந்தது. அந்த நாலில் ஒன்று என் மூக்கு. அதற்கப்புறம் யாரும் யார் விரலையும் பார்க்கவில்லை.

இப்போது கொட்டகையில் என் கருவி தினமும் ஓடுவதில்லை. 25 கிராம் மாதிரி ஒரு பெட்டியின் ஒரு மூலையைத்தான் பேசும், பக்கத்து மூலையில் என்ன என்று அதற்குத் தெரியாது. எல்லாப் பெட்டிக்கும் பட்டை செலவழிக்க யாரிடமும் பணம் இல்லை. சதை ஐஸுக்கு வெளியே இருந்தது இரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் மட்டும் எடுக்கிறோம். அதற்காகச் சுவரில் ஒரு கடிகாரமும், பேசினில் குத்தும் ஒரு வெப்பமானியும் வாங்கினோம். இரண்டும் சேர்த்துச் சில பட்டைகளின் விலைதான். அந்தக் கணக்கைப் பார்த்ததும் கருவி செய்கிற எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

பெரிய மாற்றத்தைச் செய்தது அக்காதான். நண்டு கரைக்கு வந்ததும் முன்பெல்லாம் உடனே அடுப்பைப் பற்றவைப்பார்கள். இப்போது நண்டை உயிரோடு ஈரச்சாக்கில் நிழலில் போட்டுவிட்டு, அவர் முதலில் போன் எடுக்கிறார். "தம்பி, வண்டி எங்கிட்டு நிக்கிது?" ஓட்டுநர் அரை மணி என்று சொன்னால் நம்புவதில்லை, வண்டி நிற்கும் ஊர்ப் பெயரைக் கேட்கிறார். உச்சிப்புளி என்றால்தான் தீக்குச்சி. போன வாரம் ஒருநாள் வண்டி ராமநாதபுரத்தையே தாண்டவில்லை. சாக்கில் கொஞ்சம் நண்டு செத்துப்போனது, செத்ததை எடுத்து வெளியே எறிந்தார்கள். பத்தரை மணி வரை டிரம் குளிர்ந்துதான் கிடந்தது.